அக்டோபரில் கவிழ்ந்த படகு

ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவது என் வேலை.
நீலத் தட்டு, ஒரு பக்கம் தேய்ந்த கரண்டி,
ஜன்னலுக்கு வெளியே மோங்கு ஆஸ்பத்திரியின் வரிசை.
விழுங்குவது யாரென்று மாத்திரைக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

நமாசிகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள்.
தொண்ணூறு மாத்திரை எண்ணித் தருவேன்.
சீட்டில் எச்ஐவி என்றுதான் இருக்கும்.
ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து;
அவற்றில் இரண்டு, போகிற போக்கில்,
அவள் ஈரலில் குடியிருக்கும் மற்றதையும்
சத்தமில்லாமல் கட்டிப்போட்டிருந்தன.
ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது.
அதற்கெனத் தனிச் சீட்டு இல்லை, தனி வரிசை இல்லை.
ஒரு கூலிக்கு இரண்டு காவல்.

தம்பி லிகாண்டோவுக்கும் அதே தாய், அதே கிருமி.
எச்ஐவி மட்டும் இல்லை.
இல்லை என்று தெரிந்த அன்று
வறுத்த மீன் வாங்கிவந்து
வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தான்.
எனக்கும் ஒரு துண்டு. முள் குத்தியது நினைவிருக்கிறது.
அடுத்த மாதம் ரத்ததானம் செய்யப் போனவனைத்
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அந்தப் பட்டையில் ஒரு கோடு: பிழைத்தாய்.
இந்தப் பட்டையில் இரண்டு கோடு:
இதற்கு என்ன சொல்வதென்று
அந்த நர்சுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இதற்கு மருந்து உண்டா என்று என் ஜன்னலுக்கு வந்தான்.
அலமாரியைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.
அதோ, அதுதான், உன் அக்கா வாங்கிப்போகிறாளே.
ஆனால் அது எச்ஐவித் திட்டத்தின் அலமாரி.
நீ லுசாகா போக வேண்டும்,
ரத்தத்தில் கிருமியை எண்ண வேண்டும்,
எண்ணுகிற எந்திரத்துக்குக் காசு,
அப்புறம் மாதாமாதம், சாகும்வரை, காசு.
கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான்.
கண்ணின் வெள்ளையில் அப்போதே லேசான மஞ்சள்.
"அப்படியானால் எனக்கு அதுவும் இருந்திருந்தால்?"

அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மார்ச்சில் நமாசிகு நாள் கணக்குக்கு முன்பே வந்தாள்.
படகு கவிழ்ந்துவிட்டது, டப்பா தண்ணீரோடு போய்விட்டது.
மார்ச் என்றால் சமவெளி முழுக்க சாம்பேசி,
மாடுகளே படகேறும் காலம்.
எழுதினேன்: வெள்ளத்தில் தொலைந்தது.

அக்டோபரில் மறுபடி வந்தாள்.
படகு கவிழ்ந்துவிட்டது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.
அவளுக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே,
கண்ணுக்கெட்டிய வரை மணல்.
துறையில் படகுகள் குப்புறக் கிடந்தன,
அடியில் நிழலுக்கு ஒதுங்கிய கோழிகள்.
அவள் செருப்பெல்லாம் புழுதி.
தண்ணீர் என்று சொல்லத்தக்கது
அவள் மேலுதட்டில் மட்டும்.

எனக்கா கணக்குத் தெரியாது?
தொண்ணூறில் பாதி நாற்பத்தைந்து.
ஒருநாள் அவள், ஒருநாள் அவன் என்று விழுங்கினால்
இரண்டு உடம்பிலும் கிருமி வழி கண்டுபிடித்துவிடும்.
சோதனைத் தாளைப் புரட்டினேன்.
நான்கு வருடமாக அவள் ரத்தத்தில்
இல்லை, இல்லை, இல்லை என்றிருந்த இடத்தில்
இந்த முறை ஓர் எண். சின்ன எண்தான்.

"தம்பி எப்படி இருக்கிறான்?"
"வயிறு வற்றியிருக்கிறது. மீன் கேட்கிறான்."

வேறெதுவும் நாங்கள் பேசவில்லை.
பதிவேட்டில் காரணம் என்றொரு கட்டம் உண்டு,
என் கட்டைவிரல் அகலம்.
தணிக்கைக்காரர் ஜனவரியில் வருவார்.
அவரும் இந்த ஊர்க்காரர்தான்;
எந்த மாதம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று
அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து, பத்து, பதினைந்து.
கரண்டி இருமுறை நழுவியது. திரும்ப எண்ணினேன்.

எழுதினேன்: படகு.
கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.